நாலாவது பீரங்கி

என் ஜெரோம் அண்ணாவுக்கு,

உன் லேப்டாப்பை இப்போது நான்தான் வைத்திருக்கிறேன். கோபப்படாதே. துவாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன காலையில் ரயிலில் மயங்கி விழுந்தாய், பிறகு எழவேயில்லை. அதற்குப் பிறகு நம் மார்சிலிங் வீட்டில் அதை யாரும் தொடவில்லை. நானும் தொட்டிருக்க மாட்டேன். உன்னோடு விளையாடும் இலியாஸ் அண்ணன் போன் செய்தார்.

ஃபேரர் பார்க்கில் அவர்களுடைய துணிக்கடைக்கு மேலே இருக்கும் அறை. ஞாயிறு பூசை முடிந்ததும் நீ அங்கேதானே ஓடுவாய்? மேசையில் பொம்மை வீரர்களை அடுக்கி நீங்கள் ஆடும் அந்தப் போர் இன்னும் நடக்கிறதாம்.

"கேம் ரூல்ஸ் மாறிடுச்சும்மா. ஜெரோம் பண்ணிவச்ச ஃபைல் பழசாயிடுச்சு. ஆப்ல படை சேர்த்தா எல்லாம் தப்புத் தப்பா வருது. எங்க யாருக்கும் அதுல கை வைக்கத் தெரியல லா" என்றார்.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஆனாலும் சரி என்றேன். எந்த வீரனுக்கு எத்தனை பாயிண்ட், எதை எத்தனை வரை சேர்க்கலாம் என்றெல்லாம் ஆப்புக்குச் சொல்வது அந்த ஃபைல்தான் என்று மெல்லப் புரிந்தது. விளையாட்டுக் கம்பெனி கொடுத்த விதிகளோடு உங்கள் கூட்டத்தின் சொந்த விதிகளையும் நீ அதில் எழுதி வைத்திருந்தாய்.

எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கச் சும்மா ஒரு படை சேர்த்தேன். பீரங்கி மூன்றுதான் அனுமதி. நாலாவதைச் சேர்த்ததும் திரையில் சிவப்பாக வந்தது:

"டேய், மூணு போதாதா? நாலாவதை வச்சு யார் வீட்டை இடிக்கப் போற?"

ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை வரவேண்டிய இடத்தில் நீ இருந்தாய். நான் வாய்விட்டுப் படித்துவிட்டேன் போல. சமையலறையிலிருந்து அம்மா வந்தாள்.

"அவன் மாதிரியே பேசினியே, என்னது?"

படித்துக் காட்டினேன். உன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னொரு தடவை தப்பு பண்ணு" என்றாள்.

அதன் பிறகு நான் வேலை முடிந்து வரும் சாயங்காலமெல்லாம் இதே கதைதான். நான் வேண்டுமென்றே தப்பு செய்வேன், நீ திட்டுவாய், அம்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாக இருந்தது, அண்ணா. உன்னை நிம்மதியாகப் போகவிடாமல் நாங்கள் பிடித்து வைத்திருந்தோமா? இல்லை, நீதான் எங்களைப் பிடித்து வைத்திருந்தாயா?

புது விதியில் நாலு பீரங்கி வரை வைக்கலாம். அப்படியானால் உன் வரி இனிப் பொய். "நாலு போதாதா" என்று மாற்றிவிடலாம்தான். மாற்றியும் பார்த்தேன். நீ சொல்லாததை உன் வாயில் எப்படி வைப்பது? அழித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"எடுத்துடு. என் பிள்ளை தப்பாத் திட்டுறான்னு யாரும் சிரிக்கக் கூடாது."

எடுத்துவிட்டேன். மறுநாளிலிருந்து அம்மா உன் அறைப் பக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புது ஃபைலை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாரும் அவரவர் போனில் ஏற்றிக்கொண்டார்கள். இலியாஸ் அண்ணன் எனக்குத் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மேசையில் தன் படையை அடுக்கினார். பீரங்கி மூன்றுதான் இருந்தது.

"அண்ணே, இப்ப நாலு வைக்கலாமே?" என்றேன்.

போனை என் பக்கம் திருப்பினார். பழைய ஃபைல். அதே சிவப்பு எழுத்து.

"மத்தவங்களுக்காகத்தாம்மா கேட்டேன். நான் மாத்தல. ஜெரோம் போதும்னு சொல்றான். அப்புறம் எப்படி வைக்கிறது?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை; முகம் அப்படி இருந்தது. எதிரில் நாலு பீரங்கி. தோற்றார். அடுத்த வாரமும் மூன்றோடுதான் ஆடுவாராம். உனக்குக் கேட்டதா?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் குழாயை மூடினாள். "அப்ப அங்க இன்னும் திட்டிக்கிட்டுதான் இருக்கானா?"

"ஆமாம்மா."

"என்னையும் கூட்டிட்டுப் போ."

வரும் ஞாயிறு கூட்டிக்கொண்டு போகிறேன். உன் படையை நான் எடுத்து ஆடப்போகிறேன், இலியாஸ் அண்ணனுக்கு எதிரே. விதி எத்தனை முறை மாறினாலும் மாறட்டும். நீ போதும் என்று சொன்ன இடத்தில் நானும் நிறுத்திக்கொள்வேன்.

உன் ஒரே தங்கச்சி,
ஸ்டெல்லா