லெவல் பதினொன்று

ஜூலை 8, திங்கள்
விடிந்ததிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை.
வாங்க: ஜவ்வரிசி, பூசணி, எடை மெஷினுக்கு பேட்டரி.
மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு இனியா இன்றுதான் பள்ளிக்கு. ஒண்ணாம் வகுப்பு மிஸ்ஸுக்குச் சீட்டு: “பிறவியிலேயே இவள் உடம்புக்குப் புரதம் ஒத்துக்கொள்ளாது. பால், பருப்பு, முட்டை, சாக்லேட் கூடாது. ரத்தத்தில் ஏறினால் மூளையைப் பாதிக்கும்.” இந்த ஆறு வருடத்தில் எத்தனையாவது சீட்டோ.
வெள்ளிக்கிழமை விரல் குத்தி எடுத்த ரத்தம், கூரியரில் போய்விட்டது. ரிசல்ட் வரும்வரை திக்திக்.
பள்ளி விட்டதும் வழக்கம்போல மாடி வீட்டு ரேவதி அக்காவிடம். ஆறு மணிவரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் இல்லையென்றால் நான் மோட்டார் கம்பெனி வேலைக்கே போக முடியாது.

ஜூலை 10, புதன்
ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் லெவல் 11. ஆறுக்குள் இருக்க வேண்டியது.
நான் சோற்றைக்கூட எடை போட்டுத்தான் வைக்கிறேன். அப்படியென்றால் யாரோ கொடுத்திருக்க வேண்டும்.
“யார் கண்ணு குடுத்தாங்க?”
“ஒண்ணுமே திங்கலீங்கம்மா.”
மறுபடி கேட்டேன். மறுபடி. வேலையிலிருந்து வந்த இவர் ஷூகூடக் கழற்றாமல், “உடு, புள்ளைய ஏன் இப்படி நோண்டறே” என்றார். விடவில்லை. பேரைச் சொன்னால் விட்டுவிடுகிறேன் என்றேன். அழுதுகொண்டே சொன்னாள். “ரேவதி பெரியம்மா. அரிசிம்பருப்புச் சோறு.”
எப்படி இருந்ததாம்? “இனிப்பா.”
மாடிக்குப் போய்க் கேட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். “ஏனுங் கண்ணு, நான் போயி குடுப்பனா?” என்றார்.
“நீங்க ஒண்ணு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டேன். குழந்தை இல்லாத மனுஷியிடம்.
அக்கா மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தார்.

ஜூலை 11, வியாழன்
லீவு. சூப்பர்வைசர் போனில், “மாசத்துக்கு எத்தன லீவுங்க அம்மணி?”
பாலுக்கும் பருப்புக்கும் பதிலாக அவளுக்குக் கொடுக்கிற மருந்துப் பவுடரைக் கரைத்துக் குடிக்க வைக்க அரை மணி நேரம். பாதி சிங்க்கில்.
முடியவில்லை. இந்த வீட்டில் ஆறு வருடமாக அரிசிம்பருப்பு வேகவில்லை. கேண்டீனில் போடுகிற நாளில் திருடி மாதிரி ரெண்டு தட்டு சாப்பிடுகிறேன். ஒரே ஒரு நாள் எதையும் எடை போடாமல் இருக்க வேண்டும். இனியா இல்லாத ஒரு நாள் என்று நினைத்தேன். சீ. எழுதியும் விட்டேன்.
மாடிக் கதவு நாள் முழுக்கச் சாத்தியே இருந்தது.

ஜூலை 12, வெள்ளி
இன்றும் லீவு. ஆஸ்பத்திரி டயட்டீஷியன் போனில் கூப்பிட்டார். “ரத்தம் எடுக்கறப்ப காய்ச்சல் இருந்துச்சாங்க?”
இருந்தது.
“அதானுங்க. காய்ச்சல்ல ஒடம்பே தன் சதைய கரைச்சுக்கும், அந்தப் புரதத்துல லெவல் ஏறும். சாப்பாட்டுல தப்பில்ல.”
இது எனக்குத் தெரியும். இனியாவின் சாப்பாட்டுக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அப்புறமும் எப்படி மறந்தேன்?
“பெரியம்மா குடுத்தாங்கன்னு ஏன் கண்ணு சொன்ன?”
“பேரு சொன்னா உட்டுர்றேன்னீங்கல்ல.”
இனிப்பாம். அரிசிம்பருப்பு எங்கே இனிக்கும்? வாயில் வைத்தே பார்க்காத பிள்ளை, நல்லதாக எதையோ நினைத்துச் சொல்லியிருக்கிறாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜூலை 13, சனி
மழை விட்டது. வேலைக்குப் போகும் முன் மாடிக்கு. மன்னிச்சுக்குங்க அக்கா என்பதற்குள் அழுகை வந்துவிட்டது.
அக்கா கதவைப் பாதிதான் திறந்தார். “புள்ள வர்ற நாள்ல நான் பருப்பே வேக வெக்கறதில்லீங்க. வாசத்துக்கு ஏங்கிப்போயிருமேன்னு.”
கண்ணு என்று கூப்பிடவில்லை.
“புள்ளைய அனுப்புங்க. நீங்க மேல வர வேண்டாமுங்க.”
இனியா பவுடர் டப்பாவைக் கட்டிக்கொண்டு படியேறி ஓடினாள். நான் கீழ்ப்படியிலேயே நின்றுகொண்டேன்.