கொட்டகை ஜன்னலைப் பற்றி அம்மாவுக்கு

என் செல்ல அம்மா,

உனக்கு ஒரு சேதி. சிதம்பரத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் கடைசி வருஷத்துக்கு வந்துவிட்டேன். ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கச் சொன்னார்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் நீ வேலை பார்த்த பொம்மைக் கொட்டகையைத்தான் எடுத்திருக்கிறேன்.

பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டார். பெண்ணாடத்துச் செல்வி, அப்பாவின் கரும்புக் கொல்லை உப்புப் பூத்துப் போனதால் மண்ணைப் படிக்கிறேன் என்றாள். என் முறை வந்தபோது, "எங்கம்மா சார்" என்று மட்டும்தான் வந்தது.

எப்படியம்மா சொல்வேன்? காற்றுப் பட்டால் ஈரப் பொம்மை விரிசல் விடும் என்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, நீங்கள் எல்லாரும் அதே கொட்டகைக்குள் உட்கார்ந்து காய்ந்த பொம்மைகளை உப்புத்தாளால் தேய்த்தீர்கள். பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்குத்தான் மூச்சுப் போனது. காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், நீயும் நம்பி விழுங்கினாய். அது அந்தப் பாழாய்ப்போன தூசும்மா!

இப்போது உன் இடத்தில் சித்தி உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் தூசியை அளக்கப் போனேன். ஜன்னலில் கை வைத்ததும் கத்தினாள்.

"ஏய், தொறக்காதடி! வெடிச்சுதுன்னா மொதலாளி கூலியில புடிச்சிக்குவாங்க."

"ஒனக்கு ஏன் சித்தி இருமிக்கிட்டே இருக்குது?"

"பனி. சும்மா தொணதொணங்காம வூட்டுக்குப் போ."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும்மா. கடைசி நாட்களில் மூச்சு வாங்கும்போதெல்லாம் உன்னைத் தூக்கி உட்கார வைத்தவள் அவள்தானே?

அப்பா ஹாஸ்டலுக்குப் போன் போட்டார். "பி.எட். முடிச்சி டீச்சராப் போயேன் தாயி. நீ எதையாவது கெளறி, கொட்டாய மூடிட்டா அத்தினி பொம்பளைங்களும் எங்க போவாங்க?" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் பொம்மை காயும் இடத்துக்கும் தேய்க்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பினால், தேய்க்கிற பக்கத்து ஜன்னலையாவது திறந்து வைக்கலாமே! ஏன் இதை யாரும் யோசிக்கவில்லை? அளந்து காட்டி முதலாளியிடம் நானே பேசப் போகிறேன்.

"ஒனக்கு எதுக்குடி ஊர் வம்பு" என்று நீ திட்டுவாய். திட்டிக்கொள்.

சித்திக்கும் இப்படி ஒரு கடிதம் எழுதும்படி விடமாட்டேன் அம்மா. சத்தியம்.

உன் மகள்,
இப்போது உன் தங்கச்சிக்கும் மகள்,
தேவி