கொதிப்பு என்று கேட்டால்

6-7-53, திங்கள்
காலையிலிருந்து தூறல். குடையில் கம்பி போய்விட்டது. சேலைக் கரையெல்லாம் மண்டி மொஹல்லாத் தெருச் சேறு.

ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் புது யோசனை. இந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்கு இரத்தக் கொதிப்பு என்று தெரிய வேண்டுமாம். பாதரசக் கருவி ஒன்றே ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைய முடியாது. வாயால் கேட்டாலே போதுமா? சோதித்துப் பார்க்க ஒரு தெரு. முதலில் கேள்வி, பிறகு கருவி. இரண்டும் ஒத்துப்போனால் இனிமேல் கேள்வி மட்டும். இந்த ஊரில் தமிழ் வீடுகளுக்குப் போகும் நர்ஸ் நான் என்பதால் வேலை என் தலையில். கேள்வியைத் தமிழில் எழுதியதும் நான்தான்: "இரத்தக் கொதிப்பு உண்டா?" இதில் என்ன கஷ்டம்.

7, செவ்வாய்
வெயில். ஒன்றும் ஒத்துப்போகவில்லை. 'உண்டு' என்பவர்களுக்குப் பாதரசம் சமர்த்தாகக் கீழேயே நிற்கிறது. 'இல்லை' என்பவர்களுக்கு ஏறுகிறது.

ஆரோக்கியம் வீடு. மாதா கோயிலில் என் பக்கத்தில் உட்காருபவள், அதிர்ந்து பேசாதவள். கேட்டதும் சிரித்தாள். "எனக்கு ஏதுக்கா? எல்லாம் இவருக்குத்தான். சாம்பார்ல உப்பு கம்மின்னா போதும், கொதிச்சுடுவார்." வீட்டுக்காரர் சூசை, வெல்லக்கடை, பெருமையாகத் தலையாட்டினார். அவருக்கு அளந்தேன். ஒரு குறையும் இல்லை. அவளுக்கு அளந்தேன். ஏறியது, ஏறிக்கொண்டே போனது. மறுபடியும் அதே.

கருவி கெட்டுவிட்டதா? எனக்குத்தான் காது மந்தமா?

வாங்க: நீலம், சோப்பு, குடைக்கம்பி.

8, புதன்
டா.அம்மா கருவியை வாங்கி என்னை அளந்து பார்த்தார். கருவியில் கோளாறு இல்லை. அப்படியானால் கேள்வியில். 'கொதிப்பு' என்றால் ஆளுக்கு ஆள் கோபக்காரர் யார் என்று சொல்கிறார்கள். இது ஏன் எனக்கு முதலிலேயே உறைக்கவில்லை? தலைசுற்றல் உண்டா என்று மாற்றிக் கேட்டேன். தெருவே சுற்றுகிறது.

கேள்வி தேறாது என்றால் திட்டமே நின்றுபோகும். தேறும் என்றால் ஆரோக்கியம் போன்றவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். எதைச் சொல்வது?

9, வியாழன்
மேகமூட்டம். ஆரோக்கியத்தை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தேன். வரவில்லை. போனேன். சூசை கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார், இவளுக்குப் போய்க் கொதிப்பாம் என்று. வாசற்படியிலேயே பேசி அனுப்பிவிட்டாள். தனக்கு ஒன்றும் இல்லையாம்.

அவள் அம்மா ஒருநாள் அடுப்படியில் சரிந்தவர், ஒரு பக்கம் விளங்காமலே போய்ச் சேர்ந்தார். மறந்துவிட்டாளா? பயமாக இருக்கிறது. அவள் மேல் எரிச்சலாகவும்.

11, சனி
நல்ல மழை. மத்தியானம் ஆரோக்கியம் என் வீட்டுக்கே வந்துவிட்டாள், நனைந்துகொண்டு. கையை நீட்டினாள். அளந்தேன். குறையவே இல்லை.

உப்பைக் குறை என்றேன். சொன்ன பிறகுதான் சூசையின் சாம்பார் ஞாபகம். கொதிப்பு என்பது வெறும் பேர், கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினாள்.

"கோபந்தான்க்கா. கல்யாணம் ஆனதுலேருந்து இருக்கு. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டகூடச் சொன்னதில்ல. இந்த மிஷினுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

பட்டையைக் கழற்றிச் சுருட்டினேன். திங்கட்கிழமை டா.அம்மாவிடம் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். சரி, வருகிறேன் என்றாள். எதை நம்பி வருகிறாள் என்றுதான் தெரியவில்லை.