ஈரக் கொழுந்தின் எடை

2025 ஜனவரி 19

அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்து ஒரு வருஷம். இப்போது தொடைகள் சுருங்குகின்றன. பால் கறந்துவிட்டு எழும்பக் கொட்டில் கம்பத்தைப் பிடிக்கிறார். மலையில் கொழுந்து பறிக்கும்போது தேயிலைச் செடியைப் பிடிக்கிறாராம். மலை ஏற முடியாமல் போனால்? அம்மாவை வீட்டில் உட்கார்ந்திருப்பவராக நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஜனவரி 23

கறக்கும் பால் முழுவதும் விற்பனைக்குப் போகிறது. நாங்கள் உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு பால் இல்லாத வெறுந்தேத்தண்ணி குடிக்கிறோம். அம்மாவும்தான்!

“காலையில ஒரு கிளாஸ் பால் குடிங்கம்மா” என்றேன்.

பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா விடவில்லை. “அடியே, பால் குடிச்சா இன்சுலின் ஏறி ஒடம்பு கொழுப்பு வைக்குமாம். போன்ல டாக்டரே சொல்றாரு.”

அம்மாவுக்கு அது போதும். “கேட்டியா? மாடு வளக்குறது விக்கிறதுக்கு.”

ஜனவரி 30

நான் வேலை பார்க்கும் ஹட்டன் மருந்துக் கடையில், ஆளில்லாத நேரத்தில் இதைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தேன். அக்கா சொன்னதில் பாதி உண்மை. பாலின் புரதம் இன்சுலினை நன்றாகவே கிளப்புகிறது. ஆனால் அதனால் மட்டும் கொழுப்பு ஏறிவிடுவதில்லை. மொத்தம் எவ்வளவு தின்கிறோம் என்பதும் இருக்கிறது. அதே இன்சுலின் தசை கரைவதையும் தடுக்கிறது. தசை கட்டும் பொருளையும் பாலே கொண்டுவருகிறது.

குடிக்கிற உடம்பிடமே “வளர்” என்று சொல்லும் ஒரு பானம்!

வீட்டுக்கு வந்து கன்று முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்தபடி நின்றேன். பிறந்த அன்று கால் பின்னி விழுந்தது. இப்போது துள்ளுகிறது. இதுவரை உள்ளே போனது பால் மட்டும்.

பெப்ரவரி 9

கடை முதலாளி நஸார் நானா இரத்தச் சீனி பார்க்கும் மீட்டரை இரவல் தந்தார். சோதனைக்கு மட்டும் என்று அம்மா இணங்கினார். நேற்று ரொட்டியும் வெறுந்தேத்தண்ணியும்: 214. இன்று முதலில் பால், பிறகு அதே ரொட்டி: 171. இன்சுலின் ஏறியிருக்கும், சீனி இறங்கியது. எண்களை நானாவிடம் காட்டினேன்.

“ஒரு தடவ பாத்து நம்பிறாதீங்க தங்கச்சி” என்றார் நானா. சரிதான். கிளினிக்கில் கேட்டோம். பால் குடிக்கலாம், சீனி நக்குவதை விட்டு, ரொட்டியில் ஒன்றைக் குறைக்கச் சொன்னார்கள்.

பெப்ரவரி 10

சோதனை இல்லாமலே இன்றும் அம்மா பால் குடித்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு.

மே 4

கிளினிக் தராசில் அதே எடை. ஒரு கிலோகூட மாறவில்லை. அழுகை வந்தது.

ராசம்மா அக்கா: “குடிச்ச பாலெல்லாம் எங்கடி போச்சு?”

அம்மா சிரித்தார். “தோட்டத்துல நிறுக்கையில கொழுந்து ஈரம்னு தண்ணிக்குக் கழிப்பாங்கல்ல, அப்பிடி எனக்கும் ரெண்டு கிலோ கழிச்சிக்க.”

நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. மழை நாளில் கூடை கனக்கும், அத்தனையும் கொழுந்தாகாது. தராசுக்கு அது தெரியாது. அம்மாவின் பாவாடை நாடா இப்போது இன்னும் ஒரு சுற்று வருகிறது. தொடை இறுகியிருக்கிறது. கொழுப்பு போய்த் தசை வந்திருக்க வேண்டும். எதனால்? பாலா, விட்ட சீனியா, குறைத்த ரொட்டியா? எனக்குத் தெரியவில்லை. தோலுக்குள்ளே இவ்வளவு நடக்கிறது, சத்தமே இல்லாமல்.

மே 11

விடியற்காலை, மூடுபனி. அம்மா கறந்து முடித்து, நிறைந்த வாளியை இரண்டு கையாலும் பிடித்தபடி எழும்பினார். கம்பம் ஓரமாகச் சும்மா நின்றது.

“என்னாடி பாக்குற? கிளாஸ எடு.”