எண்ணெயில் பார்த்த முகம்

மாசி 6, வெள்ளி

காலையில் பனி. பஸ் ஸ்டாண்டில் என் தள்ளுவண்டிக்கு எதிரே நிற்கிற பஸ்ஸே தெரியவில்லை. மல்லாட்டை, வேர்க்கடலைதான், நாலு படி அவித்தேன். உப்பு தூக்கல். கேட்டவர்களிடம், "மரக்காணம் உப்பளத்துப் பக்கத்து மல்லாட்டைங்க, அப்பிடித்தான் கரிக்கும்" என்றேன். வாங்கிவிட்டார்கள்.

விழுப்புரத்தில் தங்கச்சி செல்விக்குப் பையன். ஆபரேஷன். கொடி சுற்றிப் பிறந்திருக்கிறான். அவள் மாமியார் போனில்: "தாய்மாமனுக்கு ஆகாதுங்க தம்பி. பதினோராம் நாளு எண்ணெயில மூஞ்ச பாத்துட்டு அப்பறம்தான் நேர்ல பாக்கணும். போட்டோகூட வேணாங்க."

சாயங்காலம் மச்சான் வந்து மூத்தவள் யாழினியைத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் விட்டுப்போனார். ஆறு வயது. சளி. பச்சைப்பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமாம்.

ஆக, எனக்குக் கொடி, அவளுக்குச் சளி. இரண்டு பேரையும் தள்ளிவைத்தாகிவிட்டது.

மாசி 8, ஞாயிறு

வியாபாரம் சுமார். செல்போனில் குழந்தை படம் வந்தது. பெண்டாட்டி அலமேலு பிடுங்கிக்கொண்டு யாழினிக்கு மட்டும் காட்டினாள்.

"எப்பிடிடி இருக்கான்?"

"அவிச்ச மல்லாட்டை மாதிரி மாமா. சுருங்கிக்கினு இருக்கான்."

"உள்ள பருப்பு இருக்குதா, சொத்தையா?"

"சொத்தை!"

வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

மாசி 10, செவ்வாய்

வெயில். யாழினி படுத்த பாய் நனைந்திருந்தது, இரண்டாவது தடவை. நான்தான் சொம்பைத் தட்டிவிட்டேன் என்றேன். அலமேலு நம்பவில்லை.

செல்வி போன். யாழினி "அம்மா" என்றாள். அங்கே குழந்தை அழுதது. செல்வி வைத்துவிட்டாள்.

யாழினி முகம் வாடிப்போச்சு. அதற்காகத்தான் கட்சி ஆரம்பித்தேன். சொத்தை ஒழிப்புக் கட்சி. தலைவர் அவள், தொண்டன் நான். கொள்கை ஒன்றுதான்: அந்தப் பயல் மூஞ்சியை இரண்டு பேரும் பார்ப்பதில்லை. கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அலமேலு: "எதுல வெளையாடறதுன்னு இல்லயாய்யா உனக்கு? நாளைக்கு உன்ன உள்ள கூப்புடுவாங்க. இந்தப் புள்ள எங்க போவும்?"

சிரித்து மழுப்பினேன்.

மாசி 16, திங்கள்

யாழினியோடு விழுப்புரம். பதினோராம் நாள். வாங்கிப்போனது: நல்லெண்ணெய், வெள்ளைத் துண்டு, பையனுக்கு வெள்ளி அரைஞாண், செல்விக்குப் புடவை. யாழினிக்கு ஒன்றும் வாங்கவில்லை. பஸ் ஏறின பிறகுதான் உறைத்தது.

வெண்கலக் கிண்ணத்தில் எண்ணெய். எனக்குப் பின்னாலிருந்து செல்வி மாமியார் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். எண்ணெய்க்குள் ஒரு குட்டி மூஞ்சி. என் மூக்கு. அப்படியே என் மூக்கு. சத்தியமாவது கித்தியமாவது. திரும்பி வாங்கி முத்தம் கொடுத்தேன். "சொத்தை இல்லம்மா, நல்ல பருப்பு!" என்று கத்தினேன். வீடே சிரித்தது.

வாசற்படியில் யாழினி. சளி போய் நாலு நாளாகிறது. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

"பாத்துட்டியா மாமா?"

"நீயும் வாடி தலைவரே."

வரவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். அறையில் சத்தம். யாழினி அதே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா கட்டிலுக்குப் போயிருக்கிறாள்.

"அம்மா, இதுல என் மூஞ்சயும் பாரும்மா."

செல்வி தையல் வலியில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "அப்பறம்டி, போ."

கட்டிலில் ஏறப் பார்த்திருக்கிறாள். கிண்ணம் சரிந்து மெத்தை, குழந்தைத் துணி, எல்லாம் எண்ணெய்.

"பொறாம புடிச்ச கழுத!" மாமியார்தான். "தம்பி, இன்னும் ஒரு மாசம் இது உங்க வூட்லயே இருக்கட்டுங்க."

மச்சான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

துணிகளை அலசிப் போட்டேன். எண்ணெய் போகவில்லை.

திரும்பும் பஸ்ஸில் யாழினியிடம் எனக்குத் தெரிந்த வேடிக்கையெல்லாம் சொன்னேன். பின் சீட்டுக்காரர் சிரித்தார்.

மாசி 17, செவ்வாய்

பனி இல்லை. அடுப்பு பற்றவைக்கவில்லை. யாழினியைப் பாலோடு எழுப்பப் போனேன். துண்டை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள். விளையாட்டு என்று நானும் இழுத்தேன். விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து சொன்னாள்:

"நேரா பாக்காத மாமா. என்ன பாத்தா ஆகாது."

சமையற்கட்டில் தேடினேன். நல்லெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துக் கிண்ணத்தில் வடித்தேன். அடிகூட மறையவில்லை.