கரண்டு வைத்த கொல்லைக் கதவு

1935 அக்டோபர் 8, செவ்வாய்
மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீடு. சமையல்காரர் பல்பு மாற்றப் போய், கரண்டு அடித்து ஏணியிலிருந்து விழுந்து முன்பல் இரண்டும் போய்விட்டன. ஸ்விட்சைத் தப்பான கம்பியில் போட்டிருக்கிறான் எவனோ. விளக்கு அணையும், ஹோல்டரில் மட்டும் கரண்டு உயிரோடு இருக்கும். அவனைக் கண்டால் செருப்பால் அடிப்பேன்.

என் வழக்கம் ஒன்றுதான். அணைத்தாயிற்று என்று எவன் சத்தியம் செய்தாலும் முதலில் புறங்கையால் தொடுவேன். உள்ளங்கையால் தொட்டால் விரல் மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், விடாது. புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும். பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் நான் பிழைத்திருப்பது அதனால்தான்.

மத்தியானம் காண்ட்ராக்டர் ரகுபதி கடைக்கே வந்துவிட்டார். மாம்பலத்தில் புதுசாய் பதினாலு வீடு கட்டுகிறவர்.
"கயூம் பாய், என் வூட்டுக் கொல்லைக் கதவுக்குக் கரண்டு குடு. திருட்டுப் பசங்க தொல்ல தாங்கல."
"கூடாதுங்க. ஆளு செத்துடும்."
"திருடன் செத்தா உனக்கு இன்னா? பதினாலு வூட்டு ஒயரிங் வேணுமா, வேணாமா?"

வேண்டும். திருவல்லிக்கேணியில் இந்தப் பொந்துக் கடையை விட்டு வெளியே வர எனக்கு அது வேண்டும்.

அக்டோபர் 13, ஞாயிறு
முடித்தாயிற்று. இரும்புக் கதவைக் கழற்றித் தேக்கு மரக் கம்பங்களில் மாட்டினேன். மண்ணில் படாதபடி நாலு விரல் தூக்கி வைத்தேன். ஸ்விட்சு அவர் அறையில், பூட்டுப் போட்ட பெட்டிக்குள். சாவி அவர் அரைஞாணில். தினம் சாயங்காலம் பல்பை வைத்துக் கரண்டு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லிக் கொடுத்தேன். பல்பு எரிந்ததும் சின்னப் பிள்ளைபோல் கை தட்டினார்.

வேலை சுத்தம். பெருமையாகத்தான் இருந்தது.

சமையலறை ஜன்னலில் அவர் சம்சாரம் நின்றது. ஜானு என்று கூப்பிட்டார். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. விழுந்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அக்டோபர் 16, புதன்
அந்தக் கதவில் தெரு நாய் ஒன்று செத்ததாம். பல் இரும்பைக் கவ்வியபடியே இருந்ததாம். ரகுபதி வழியில் நிறுத்திச் சொல்லிச் சிரித்தார்.

அக்டோபர் 27, ஞாயிறு
நேற்று தீபாவளி. இன்று ரகுபதி வீட்டுக் கூடத்து விளக்கு எரியவில்லை என்று ஆள் வந்தது. போனேன். வேலைக்காரி முத்தம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவர் உள்ளே குளிக்கிற சமயம் பார்த்து என்னிடம் சொன்னாள்:

"அம்மா கையப் பாத்தியா பாய்? தோலு உரிஞ்சி கீது. தீபாவளி விடியக்காலைல கொல்லக் கதவத் தொறக்கப் போச்சு. தூக்கி அடிச்சிச்சு. அவரு பக்கத்துல நின்னு சிரிச்சிக்கினு கீறாரு."
"எதுக்குக் கதவண்ட போச்சு?"
"இன்னா பாய் ஒண்ணும் தெரியாத மாரி கேக்குற! ரெண்டு தபா செங்கல்பட்டு அண்ணன் வூட்டுக்கு ஓடிச்சு. ரெண்டு தபாவும் மயிரப் புடிச்சு இஸ்துக்கினு வந்தாரு. முன்வாசல்ல ஆளு ஒக்காந்துக்கினு கீறான். மதிலு மேல கண்ணாடித் துண்டு. பின்னால ராவும் பகலும் நீ வெச்ச எமன்."

அந்தக் கதவு வெளியிலிருந்து வரும் திருடனுக்காக அல்ல. உள்ளே இருப்பவளுக்காக.

குளித்து வந்தவரிடம், கதவைக் கழற்றி விடுகிறேன், பதினாலு வீட்டு வேலையும் வேண்டாம் என்றேன். பிரம்பை எடுத்துத் தோளில் இரண்டு போட்டார். பிரம்பு வலிக்கவில்லை. அவர் சொன்னதுதான்.
"போட்டது உன் கை பாய். அவ செத்தா தூக்குல தொங்கறது உன் கழுத்து. போய் வேலயப் பாரு."

அக்டோபர் 28, திங்கள்
என் சம்சாரம் சகினாவிடம் சொன்னேன். அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.
"பதினாலு வூட்டுக்கு வெளக்குப் போட, ஒருத்திக்குக் கொள்ளி வெக்கிறீங்களா?"

கம்பியை எங்காவது அறுத்துவிடலாம். ஆனால் சாயங்காலம் பல்பு எரியாவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். அடி அந்த அம்மாள் மேல்தான் விழும். அந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுத்த புத்திசாலியும் நான்தான்!

போலீசுக்குப் போகலாமா? கதவு யார் கைவேலை என்றுதானே முதலில் கேட்பான்.

நவம்பர் 6, புதன்
மழை. தேக்குக் கம்பம் ஊறி, கரண்டு மண்ணுக்குக் கசிந்து, ரகுபதி வீட்டில் பியூஸ் போய்விட்டது. ஆள் விட்டார். வேறு யாரும் அந்தக் கதவைத் தொட மாட்டேன் என்கிறார்களாம். நான் போடவில்லை என்றால் என்றாவது வேறொருவன் கிடைப்பான்; கிடைக்கும்வரை அவள் உடம்பில்தான் கோபம். போட்டேன். கம்பத்துக்குத் தார் பூசினேன். ரகுபதி நாற்காலி போட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறையில் அம்மிச் சத்தம். ஜானு அம்மாள் அங்கேதான் இருக்கிறாள்.

முத்தம்மாவைக் கூப்பிட்டேன். வேண்டுமென்றே கத்தினேன்.
"ஏம்மா, இங்க பெருக்க வரப்போ செத்துத் தொலைக்காதே! ஈரக் காலோட வராதே. காய்ஞ்ச பலக மேலதான் நிக்கணும், மரத்துல கரண்டு ஓடாது. தாப்பாள கையால தொடாதே. காய்ஞ்ச மூங்கிக் கழியால தள்ளு, கதவ அதாலயே தள்ளித் தொற. பலகயும் கழியும் காய்ஞ்சி இருக்கணும், கேட்டியா? நனைஞ்சா எல்லாம் ஒண்ணுதான்!"
"செவுட்டுக்குச் சொல்ற மாரி கத்துறியே பாய்," என்று ரகுபதி சிரித்தார். "வேலக்காரி மேல இவ்ளோ அக்கறயா?"

அம்மிச் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

நவம்பர் 7
மழை.

நவம்பர் 8
மழை. காய்ந்த பலகைக்கு எங்கே போவாள்? நான் சொன்னதே அவளைக் கொல்லுமோ?

நவம்பர் 10, ஞாயிறு
மழை விடவில்லை. அடையாற்றில் ஒரு பங்களாவில் விசிறி மாட்டினேன். மாம்பலம் பக்கம் போகத் தைரியமில்லை.

நவம்பர் 22, வெள்ளி
இடது கையால் எழுதுகிறேன். கோழி கீறியதுபோல இருக்கிறது.

பதிமூன்றாம் தேதி பகலில் மூன்று பேர் கடைக்குள் வந்தார்கள். ஒருவன் கதவைச் சாத்தினான். பீங்கான் ஹோல்டர், ஸ்விட்சு எல்லாவற்றையும் தரையில் அடித்தார்கள். இருவர் என்னை அமுக்கி வலது கையை மேஜை மேல் வைத்தார்கள். மூன்றாமவன் என் சுத்தியலையே எடுத்தான். "காண்ட்ராக்டர் கை போச்சு, உன் கையும் போவணும்னாரு" என்று சொல்லிவிட்டு அடித்தான். நாலு அடிவரை எண்ணினேன். எலும்பு உடையும் சத்தம் சுள்ளி ஒடிகிற மாதிரிதான். அதற்கா அவ்வளவு வலி!

வலிக்கு நடுவில் ஒன்றே ஒன்று: அவள் என்ன ஆனாள்? கேட்டேன். அதற்கும் வாயில் ஒரு குத்து.

நவம்பர் 25, திங்கள்
முத்தம்மா வீடு தேடி வந்தாள். ரகுபதி வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். நின்றபடியே சொல்லி முடித்தாள்.

"ரெண்டு வாரத்துக்கு மின்னாடி திங்கக்கெழம மத்தியானம் பாய். மய கொஞ்சம் வுட்டுது. நீ கத்துன அன்னிக்கே அம்மா ஒரு பலகயும் கழியும் அடுப்புக்கு மேல கட்டித் தொங்க வுட்டுடிச்சு. அஞ்சு நாளு பொகயில காய்ஞ்சி கருப்பாப் போச்சு. அவரு துன்னுட்டுப் படுத்ததும் அத்தப் பட்டுப் பொடவைல சுத்தி எடுத்துக்கினு போய், நீ சொன்ன மாரியே நின்னு, தள்ளிச்சு. தொறந்துச்சு. போய்க்கினே இருந்துச்சு."
"ரகுபதி?"
"சத்தம் கேட்டு வெறுங்காலோட சேத்துல ஓடியாந்தாரு. கோவத்துல மறந்துட்டாரு பாய். கதவக் கையால புடிச்சாரு. புடிச்சவரு வுடல. கண்ணு ரெண்டும் என்னியே பாத்துக்கினு கீது. நான் பத்து எண்ணுனேன். அப்பால அம்மா போட்டுட்டுப் போன கழியால அடிச்சித் தள்ளுனேன்."
"எதுக்குத் தள்ளினே?"
"அவரு செத்தா கேசு உன் மேலதான வரும்!"

அந்த அம்மாள் எலக்ட்ரிக் ரயில் ஏறித் தாம்பரம் போய், அங்கிருந்து செங்கல்பட்டு சேர்ந்துவிட்டாளாம். அண்ணன் கோர்ட்டில் பிராது கொடுத்திருக்கிறாராம்.

சகினா முத்தம்மாவைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.

டிசம்பர் 30, திங்கள்
பெருநாள் முடிந்தது. கட்டுப் பிரித்தாயிற்று. வலது கையில் கட்டைவிரல் மட்டும் அசைகிறது. பதினாலு வீட்டையும் வேறு எவனோ எடுத்துக்கொண்டான்.

ரகுபதி ஆள் விட்டார். கொல்லைக் கதவைக் கழற்ற வேண்டுமாம். பால்காரன்கூட அந்தச் சந்துக்குள் வருவதில்லையாம். போகாதீர்கள் என்றாள் சகினா. நான் போட்டதை நான்தான் எடுக்க வேண்டும் என்றேன்.

அவர் பத்தடி தள்ளியே நின்றார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. மிச்சம் மூன்றும் கருகி வளைந்திருந்தன. அவர் என் கையைப் பார்த்தார், நான் அவர் கையைப் பார்த்தேன்.
"அணைச்சிட்டேன் பாய். சத்தியமா. நம்பு."

உள்ளே போய் பியூஸைப் பிடுங்கி ஜேபியில் போட்டுக்கொண்டு வந்தேன். கதவின் இரும்பில் அவர் உள்ளங்கைத் தோல் இன்னும் ஒட்டியிருந்தது.

பிறகும் இடது கையின் புறங்கையால்தான் தொட்டேன். இரும்பு சில்லென்றிருந்தது. வேறொன்றும் இல்லை.