முதுகில் தட்டும் கை

பாப்பா அப்பாவுக்கு,

பெங்களூரில் பொங்கலுக்கும் லீவு இல்லை என்று உங்கள் அக்காவிடம் சொன்னீர்களாம். சரி.

தறிச் சத்தத்துக்கே காதைப் பொத்துகிற நம் பாப்பா, சேவூரில் நடந்த கோ-கோ போட்டியில் வரிசையில் குந்தியிருந்தாள். ஆட்டம் முடியும்வரை ஒருத்திகூட அவள் முதுகில் தட்டி ‘கோ’ சொல்லவில்லை. சொன்னால்தானே எழுந்து துரத்தலாம்? “ஆட்டிசம் பொண்ணும்மா, சும்மா உக்காந்துகினு இருக்கட்டும்னுதான் சேத்தோம்,” என்றார் பி.டி. சார். எல்லோரும் போனபின் நானே தட்டினேன். ஆளில்லாத மைதானத்தில் கம்பம்வரை ஓடினாள்.

இப்போது தினமும் சாயங்காலம், முன்பு நீங்கள் வேலைவிட்டு வந்த நேரத்துக்கு, வாசலுக்கு முதுகைக் காட்டிக் குந்திவிடுகிறாள். வந்ததும் தட்டிப் பழக்கியது நீங்கள்தானே. நான் தட்டினால், “அப்பா தட்டணும்,” என்கிறாள்.

வரப்போவதில்லை என்றால், அவளை எப்படி எழுப்புவது என்றாவது எழுதுங்கள்.

பாப்பாவின் அம்மா